குன்றத்தூரில் பூஜை போட்ட பழைய கார்

பெரியப்பாவின் காரில் முதலில் மாறியது ஹாரன். அதுவரை அது சளி பிடித்தவர் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் போடும். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனையில் அந்தக் கனைப்பு கேட்டதும், பக்கத்து வீட்டிலிருந்து அக்கா ஓடிவந்து கேட்டைத் திறப்பாள். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். அவள் இறந்து சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், தெருவில் புதிதாக ஒரு ஹாரன் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்து நான் வெளியே வந்து பார்த்தேன். பெரியப்பா காரை நிறுத்திவிட்டு, இறங்கிவந்து, தானே கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். "பழசு சரியில்ல பாப்பா, அதான் மாத்திட்டேன்" என்றார். நான் எதுவுமே கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அது ஒரு ஹெரால்ட் கார். பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கம் அதைச் செய்த தொழிற்சாலையிலேயே பெரியப்பாவுக்கு வேலை. தானும் கூட நின்று செய்த வண்டியைத் தானே வாங்கியதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டுவார். ஹெரால்டில் காரின் முன்பாதி அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். காபி ஆறிக்கொண்டிருக்கும், விருந்தாளி வெயிலில் நின்று எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி வாங்கியதும் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டோம். அங்கே மலையடிவாரத்தில் புது வண்டிகளை நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார். பெரியப்பா தன் பேரைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காவின் பேரையும் ரேவதி நட்சத்திரத்தையும் சொன்னார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் வண்டியில கால் வெக்காத, என் வண்டியில தின்னாத" என்று எங்களைப் பாடாய்ப் படுத்துவாள். கல்லூரிக்குப் போனதும் பள்ளிக்கரணையில் பெரியம்மாவின் அம்மா வீட்டுப் பக்கம், ஏரி வற்றிய தரையில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட கையோடு வீட்டு கேட்டில் இடித்து இடதுபக்கக் கதவை நெளித்தாள். பெரியப்பா திட்டுவார் என்று நாங்களெல்லாம் காத்துக்கொண்டிருந்தோம். "கையெழுத்து போட்டுட்டா, இனிமே வண்டி அவளுதுதான்" என்று சிரித்தார். அந்த நெளிசலை அவர் எடுக்கவே இல்லை.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது ஒரு மழைக்காலத்தில். முதலில் நாட்டு மருந்து, பிறகு பக்கத்து டாக்டர், கடைசியில் ஒரு காலையில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பின்சீட்டில் பெரியம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முன்னால் என் அப்பா. பல்லாவரம் தாண்டுவதற்குள் கார் நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் பெரியப்பா முன்பாதியைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார். தன் கையால் செய்த வண்டி, அதன் ஒவ்வொரு திருகையும் அறிந்தவர், அவரால் அதைக் கிளப்ப முடியவில்லை. அப்பா ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்துவந்து அக்காவைத் தூக்கிப் படுக்கவைத்துத் தானே கொண்டுபோனார்; பெரியம்மா இன்னொரு ஆட்டோவில் பின்னால் போனார். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாலேயே வந்திருந்தாலும் இதேதான் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா நம்பினார், பெரியம்மா நம்பினார், ஊரே நம்பியது. பெரியப்பா மட்டும் நம்பவில்லை.

ஹாரனுக்குப் பிறகு காரின் உள்ளே இருந்த ஒயர்கள் மாறின. பிறகு கார்புரேட்டர். அந்தச் சமயத்தில் பெரியப்பாவின் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். வேறு வேலைக்குப் போகும் வயதும் இல்லை, மனமும் இல்லை. பள்ளிக்கரணையில் பெரியம்மா வழியில் வந்த நிலம் வீட்டுமனையாகிக் குடும்பம் நடந்தது. பெரியப்பா முழுநேரமும் காருக்கடியில்தான் கிடந்தார். தொழிற்சாலையே இல்லாத வண்டிக்குப் புதுச் சாமான் எங்கே கிடைக்கும்? மின்சார ரயிலில் போய், பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை கடைகளில் துழாவுவார். கிடைக்காததை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்குவார். எஞ்சினையே வேறொரு வண்டியிலிருந்து எடுத்துவந்து மாற்றினார். தரைத் தகடு துருப்பிடித்திருந்தது, அறுத்தெடுத்துப் புதுத்தகடு வைத்தார். மட்கார்டு மாறியது. ஸ்டியரிங் மாறியது. ஒருநாள் நான் வேலையிலிருந்து திரும்பும்போது இடதுபக்கக் கதவு மழமழவென்று நெளிசலே இல்லாமல் நின்றது. நெளிசல் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். "அடியில மொத்தமா அரிச்சிட்சி பாப்பா, தண்ணி உள்ள வருது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பெரியம்மா அதுவரை இந்த மாற்றங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியது பின்சீட்டுக்குத்தான். அந்தச் சீட்டில் அவர் மகளை மடியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. கதவோடு அவரைத் தடுத்துவிட்டதால், அவர் கடைசியாக அவளை உயிரோடு தொட்டது அந்தச் சீட்டில்தான். மத்தியானங்களில் யாரும் இல்லாதபோது போய் அதில் உட்கார்ந்திருப்பார், எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் அந்தச் சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை என்று பின்னாளில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஸ்பிரிங் போய்விட்டது, தேங்காய் நார் வெளியே வந்துவிட்டது என்று காரணம் சொல்லி, குரோம்பேட்டை சீட் கடைக்காரனை வரவழைத்துக் கழற்றினார். பெரியம்மா வாசலுக்கு வந்து, "இன்னாங்க, அது ஒண்ணாவது அப்டியே கீட்டும்னு வுட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். கடைக்காரன் அதற்குள் சீட்டை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டிருந்தான்.

இப்போது பழைய கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி ஊர்வலம் விடுகிறார்கள். எத்தனை சதவீதம் ஒரிஜினல் என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாச் சாமானும் மாறிய பிறகு அது அதே கார்தானா என்று வங்கியில் என்கூட வேலை பார்த்தவர்கள் சாப்பாட்டு வேளையில் விவாதித்தார்கள். நம் உடம்பே மாறிக்கொண்டுதான் இருக்கிறது என்றார் ஒருவர். ஆர்.சி. புத்தகத்தில் அதே நம்பர் இருந்தால் அதே கார் என்றார் இன்னொருவர். எனக்கு எந்தப் பதிலும் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். மகளை இனி ஒருநாளும் நடுவழியில் விட்டுவிடாத காராக அதை ஆக்கிவிட வேண்டும் என்று ஒருவர். மகள் தொட்டதெல்லாம் தொட்டபடியே இருக்க வேண்டும் என்று இன்னொருவர். ஒரே காரில் இரண்டும் எப்படி நடக்கும்?

கடைசியில் வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்து வேலை முடிந்தது. பெரியப்பாவின் முகத்தில் பல வருடம் கழித்து அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். வேறெங்கும் எடுக்குமுன் குன்றத்தூர் போய் வரலாம் என்றார். எல்லோரும் கிளம்பினோம், பெரியம்மாவும் வந்தார். புதுச்சீட்டில் நுனியில் உட்கார்ந்து, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் நின்ற வண்டிகளிலேயே எங்கள் வண்டிதான் மின்னியது. குருக்கள் தட்டோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "புது வண்டியா?" என்று கேட்டார்.

பழைய வண்டி, வேலை பார்த்திருக்கு என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு கற்பூரம் காட்டி அனுப்பியிருப்பார்கள். ஆனால் இத்தனை வருட உழைப்பும் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றதுபோல் பெரியப்பாவுக்கு இருந்திருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "புது வண்டிதான் சாமி" என்றார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

பெரியப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. முதல்முறை அதே இடத்தில் நின்று சொன்ன பேரும் நட்சத்திரமும் நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். செத்தவர் பேருக்கு அர்ச்சனை செய்வதில்லை. தட்டில் காசை வைத்து, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார். எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின. நான் திரும்பிப் பார்த்தபோது பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஒரு வண்டிக்கு ஒரு தபாதான் பூஜை பாப்பா. அவரே புச்சுன்னு சொல்லிட்டாரே. அப்ப எம் பொண்ணு பேரு சொன்ன வண்டி எங்க கீது?" என்றார். அழவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு பெரியம்மா அந்தக் காரில் ஏறவே இல்லை. கல்யாணமோ கருமாதியோ, பெரியப்பா காரில் போவார், பெரியம்மா பஸ்ஸில் போவார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, ஒருவருக்கு மருந்து தீர்ந்தால் மற்றவர் வாங்கிவந்துதான் வாழ்ந்தார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. கார் மட்டும்தான் நடுவில். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்பிவிட்டு, "வரியா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்பார். "நீங்க போங்க, நான் பின்னாடி வரேன்" என்று உள்ளிருந்து பதில் வரும். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போதுகூட அவர் கேட்காமல் போனதில்லை. அந்த வண்டி எங்கேயும் நின்றதே இல்லை. வெள்ளம் வந்து பள்ளிக்கரணை ரோடே ஏரியாகிக் கிடந்தபோதுகூட அது நிற்காமல் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் மழையில் நின்றதை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். பாவம், யாரிடம் சொல்லுவார்?

பெரியப்பா ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். கார் வாசலிலேயே நின்றது. சில மாதம் கழித்துப் பழைய கார்கள் வாங்கிச் சேர்க்கும் இளைஞர் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "சாரி மேடம். இதுல ஒரிஜினல் எதுவுமே இல்லயே. எல்லாம் மாத்தினது. ஹெரால்டுன்னே சொல்ல முடியாது" என்றார். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

வாசற்படியில் நின்றிருந்த பெரியம்மா இறங்கி வந்தார். "தம்பி, ஒரு திருகு பாக்கி இல்லாம எங்க வூட்டுக்காரர் கையால மாத்தினது இது. அவரு செஞ்ச வண்டி. இத்த விட இன்னா ஒரிஜினல் வோணும் உனக்கு? நாங்க விக்கல, நீ போய்ட்டு வா" என்றார்.

அந்த இளைஞர் போனபிறகும் பெரியம்மா காரைவிட்டு நகரவில்லை. முந்தானையால் பானெட்டின் தூசியைத் துடைத்தார். "எம் பொண்ணு வண்டி அன்னிக்கி பல்லாவரத்துலயே நின்னு பூட்ச்சி பாப்பா. அவரு அதைத்தான் கிளப்பிகினு இருந்தாரு, இத்தினி வருசமா. நான் சீட்டுக்குக் கோச்சிகினேன்." தூசி போன இடத்தையே மறுபடியும் துடைத்தார். "எத்தினி தபா கூப்ட்டாரு. ஒண்டியாவே ஓட்டிகினு இருந்துட்டாரே."

கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். புடவையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்புகிறவர்போல நேராகப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"கொஞ்ச தூரம் ஓட்டேன் பாப்பா" என்றார்.

பெரியப்பா போனதிலிருந்து யாரும் அதைக் கிளப்பவில்லை. பாட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வந்தவருக்குத் திறந்துகாட்டக் கொண்டுவந்த சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.