‘பை’க்குப் பதில் ‘டு’

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் புதுக்கோட்டையில் நடந்தது இது. நான் ஆவூர்ப் பெண். சிங்கப்பூரில் நர்ஸ் வேலை. கணவருக்கும் அங்கேதான் வேலை. அவருடைய ஊர் கறம்பக்குடி பக்கம், விவசாயக் குடும்பம். நான் வேதக்காரப் பெண், அதாவது கிறிஸ்தவள் என்பதால் எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை. மகனோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். மாமியார் உயிரோடு இல்லை. கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் மட்டும், அப்பாவுக்குத் தெரியாமல் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் மதியம் அவளிடமிருந்து செய்தி. அப்பாவுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்று தமிழில் எழுதியிருந்தாள். டாக்டர் சொன்னதை மட்டும் அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருந்தாள். ‘பிளேட்லெட் ட்ராப்டு டு ட்வென்டி தவுசண்ட்.’

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இருபதாயிரமாகக் குறைந்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். அந்த நிலையில் ரத்தக்கசிவு எப்போது வேண்டுமானாலும் ஏற்படலாம். வார்டில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்தவள் நான். உடனே அவளுக்கு போன் செய்து, இருபதாயிரம்தானா என்று கேட்டேன். ஆமாம், ட்வென்டி தவுசண்ட் என்றுதான் டாக்டர் சொன்னார் என்று அழுதாள். அப்படியே போனை வைத்துவிட்டாள்.

கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது என்று கணவர் தயங்கினார். “ரோஷம் பாக்குற நேரமா இது? கெளம்புங்க” என்றேன். மறுநாள் காலை விமானத்தில் திருச்சி, அங்கிருந்து கார். வழியில் ஆவூருக்குப் பிரியும் சாலை வந்தது. அம்மாவை எட்டிப் பார்க்கக்கூட மனமில்லை. நான் உள்ளுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன்.

வார்டு கதவைத் தள்ளினால், மாமனார் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று மகளைக் கடிந்துகொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் அப்பாவின் காலைப் பிடித்தபடி நின்றார். எனக்குக் கட்டிலில் தொங்கிய சார்ட்டில்தான் கண். முதல் நாள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மறுநாள் ஒரு லட்சத்து இருபதாயிரம். இருபதாயிரம்தான் குறைந்திருக்கிறது, இருபதாயிரமாகக் குறையவில்லை. டாக்டர் ‘ட்ராப்டு பை’ என்றிருக்கிறார். இவள் பதற்றத்தில் ‘டு’ போட்டுவிட்டாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளிநாட்டு வேலைக்காகத் திருச்சியில் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தபோது, வரைபடத்தைக் காட்டி எது ஏறியது, எது இறங்கியது, எது அப்படியே நின்றது என்று எழுதச் சொல்வார்கள். இந்த ‘பை’, ‘டு’ இரண்டையும் மாற்றிப் போட்டு நான் வாங்காத சிவப்புக் கோடு கிடையாது.

வராந்தாவில் விஷயத்தைச் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்தது. தங்கையைக் கூப்பிடப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். யாருமில்லாமல் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்த பெண் அவள். அவளை என்னவென்று திட்டுவது?

அன்றிலிருந்து நாங்கள் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருந்தோம். மாமனார் என்னோடு நேராகப் பேசவில்லை. ரிசல்ட் வந்தால் மகளிடம், “என்னவாம் இன்னைக்கு?” என்பார். நான் நாத்தனாரிடம் சொல்வேன், அவள் அவருக்குச் சொல்வாள். மறுநாள் அவர் கண் மூடியிருந்த நேரத்தில், அவள் எழுதியதில் இருந்த தவறை மெல்லச் சொன்னேன். போனை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். “அண்ணி, நானா இப்படி எழுதினேன்?” என்றாள். பரவாயில்லை என்று சொல்லி, அன்றைய கணக்கை வைத்தே பழக்கினேன். பத்தாயிரம் ஏறினால் ‘ரோஸ் பை’. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு ஏறினால் ‘ரோஸ் டு’. கொஞ்சமாக ஏறினால் ‘ஸ்லைட்லி’, விடாமல் ஏறினால் ‘ஸ்டெடிலி’.

“அது என்னம்மா பையும் டூவும்?”

மாமனார் தூங்கவே இல்லை. கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெணத்துத் தண்ணி அஞ்சு அடி எறங்குச்சுன்னா அது பை, மாமா. அஞ்சு அடிக்கு எறங்குச்சுன்னா டூ.”

“அஞ்சு அடிக்கு எறங்குனா வெறும் சேறுல்ல கெடக்கும்” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். “ஒங்க அண்ணனுக்கு நீ சேறுன்னு எழுதிட்டியாக்கும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சரியா எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?”

வந்திருக்க மாட்டோம். அது அவருக்கும் தெரிந்திருந்தது. “புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னார். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் கறம்பக்குடி வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு வாசலை நான் மிதித்தது அன்றுதான். உள்ளே போகத் தயங்கி நின்ற என்னிடம், “இங்கிட்டு வாம்மா, மழையில நிக்காத” என்றார்.

சரியான செய்தி வந்திருந்தால், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி அனுப்பிவிட்டு நாங்கள் வேலைக்குப் போயிருப்போம் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் யாருக்கும் எதுவும் ஆகாதபோதே ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம்.