நொட்டை மாமாவின் வாய்ப்பூட்டு

கடற்கரைப் படகு மன்றத்தில் சம்பளம் வாங்குபவர் ஒருவரும் இல்லை. தலைவர் முதல் தரை பெருக்குபவர் வரை எல்லாரும் தாமாக வந்தவர்களே. ஆகவே தொடக்கத்திலேயே அங்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது: குறை சொல்பவரே அதைச் சரிசெய்ய வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் உறுப்பினரான பிறகுதான் அவ்வழக்கத்தின் முழுப் பயனும் மன்றத்துக்குக் கிட்டியது. நொடிமுள் சற்றே தள்ளாடினாலும் பொறுக்காத கண் அவருக்கு. படகு இறக்கும் சரிவு வழுக்குகிறது என்றார், சிமெண்டு குழைத்தார். கூரை ஒழுகுகிறது என்றார், ஏணியில் ஏறினார். தண்ணீர்க் குழாய், உடைமாற்றும் அறை, மீட்புப் படகுக்கான கொட்டகை என மன்றத்தின் வரலாறே அவர் வாயிலிருந்து வந்ததுதான். 'நொட்டை மாமா' என்னும் பட்டப்பெயரும் அவ்வழியே வந்தது.

ஓர் ஆசை மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. ஆண்டுப் போட்டியில் ஒருமுறையாவது மனைவியோடு பாய் விரிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் போட்டியன்று காலையில் எதையாவது சொல்லித் தொலைத்துவிட்டு, வேலையும் கையுமாகக் கரையிலேயே நின்றுவிடுவார். இவ்வாண்டு மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு வாயைத் திறந்தீங்க, நான் தனியாவே போயிடுவேன், பார்த்துக்கோங்க."

"சத்தியமா திறக்கமாட்டேன். போதுமா?"

ஒலிபெருக்கி கரகரத்தது, பல்லைக் கடித்தார். கொடியைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன மாமா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ரொட்டிக்கடைக்காரர் சீண்டினார். அவரும் தம் கூட்டாளியும் படகை நீரை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பின்பக்கத்தைக் கண்டதும் மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரையில் நிற்கும்போது மழைநீர் வடிவதற்காக அடித்துளையின் அடைப்பானைக் கழற்றி வைப்பது வழக்கம். மற்றவர் மாட்டியிருப்பார் என்று இருவருமே இருந்துவிட்டார்கள்; அப்படியே இறக்கினால் படகுக்குள் நீர் ஏறிவிடும்.

மாமா மனைவியைப் பார்த்தார். அவர் சுக்கானைப் பிடித்தபடி படகில் காத்திருந்தார்.

"யோவ், நில்லுய்யா! அடைப்பான் எங்கே?"

கரையே கைதட்டிச் சிரித்தது. செயலாளரான பல் மருத்துவர் ஓடி வந்தார். "திறந்துட்டீங்களே மாமா! எல்லாப் படகையும் பார்க்கறது இனி உங்க பொறுப்பு."

மாமா ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்தார். வேறு இரண்டிலும் துளை திறந்தே கிடந்தது. கடைசியாக மனைவியின் படகருகே வந்து, நிமிர்ந்து முகம் பார்க்கக் கூசினார்.

"என் படகுல ஒரு குறை இருக்கு!" என்று மனைவி குரலை உயர்த்தினார். "பாய்க்கயிறு பிடிக்க ஆள் இல்லை."

"குறை சொன்னவங்கதாம்மா சரிபண்ணணும்," என்றார் செயலாளர்.

"அதைத்தானே பண்றேன்!" என்று கணவரின் மிதவைச் சட்டையைப் பற்றிப் படகுக்குள் இழுத்தார் அவர்.

ஊதல் ஒலித்தது. எல்லாரும் போன பிறகே அவர்கள் கிளம்பினார்கள். மாமா கயிற்றை இழுத்தார்; பாய் காற்று வாங்கிப் புடைத்தது.