வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு

1937 செப்டம்பர் 22, புதன்கிழமை, காலை பத்து மணி. பாகூர் கடைத்தெருவில் நான் பயிற்சிக்கு இருந்த வக்கீல் அலுவலகத்தின் வாசலில் அஞ்சலை என்ற பெண் வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு. நடவிலிருந்து அப்படியே வந்திருந்தாள்.

“எங்க வூட்டுக்காரரு பேருல இன்னா எய்தி வச்ச?” என்றாள்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. “யாரு உன் வீட்டுக்காரர்?”

“கண்ணப்பன். மதகு கேசு. அவரே ஒத்துக்கினாருன்னு கோர்ட்டு சேவகன் சொல்றான். அன்னிக்கு அவுரு பூரணாங்குப்பத்துல பொண்ணு வூட்ல இருந்தாரு. செய்யாதத்த எதுக்கு ஒத்துக்கப் போறாரு?”

“அவன் சொன்னதத்தான் எழுதினேன். கீழ அவன் கைநாட்டு இருக்கு, தெரியுமா?”

“இருக்குது. அத எப்ப வாங்கின தம்பி? நீ எய்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டு வருஷம் படித்திருந்தேன். சேற்றுக்காலோடு நின்ற ஒரு பெண் கேட்ட இந்தக் கேள்வியை எந்த ஆசிரியரும் என்னிடம் கேட்டதில்லை. வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பினேன்.

அன்பான பங்கு மக்களே, என் சாட்சி இங்கேதான் தொடங்குகிறது. காணாமல் போன கன்று திரும்பிய கதையும், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்ததும் பல் வலி நின்ற கதையும் நம் கோயிலில் நிறையக் கேட்டிருக்கிறோம். நான் சொல்லப்போவது அவ்வளவு சுகமான கதை அல்ல. எனக்குக் கிடைத்த உதவி என்னை அவமானப்படுத்தித்தான் வந்தது.

புதுச்சேரியில் சட்டம் படிக்கிறவன் கடைசித் தேர்வுக்கு முன் ஆறு மாதம் ஒரு வக்கீலிடம் வேலை பழக வேண்டும். ‘ஸ்தாழ்’ என்பார்கள். முடிவில் வக்கீல் சான்று கொடுத்தால்தான் தேர்வு. நான் வில்லியனூரிலிருந்து தினமும் சைக்கிளில் பாகூர் போய் வந்தேன். எனக்கு வாய்த்த வக்கீலின் பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். சட்டத்தை விடத் தன் கறுப்பு அங்கியின் மடிப்பைப் பற்றி அதிகம் அறிந்தவர். நான் எழுதிய காகிதம் எதையும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அதை நம்பிக்கை என்று நான் நினைத்தேன். சோம்பல்தான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சந்தை நாளில் குடியானவர்கள் விடியற்காலையில் வருவார்கள். ஏர் காத்திருக்கும், தண்ணீர் முறை காத்திருக்கும். அதனால் வெற்றுத்தாளின் அடியில் முதலில் பெருவிரல் ரேகை. மூலையில் பென்சிலால் பெயர். அவர்கள் சொல்வதைத் துண்டுச் சீட்டில் சுருக்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். பிற்பகலில் சாவகாசமாக அந்தத் தாளைப் பிரெஞ்சில் நிரப்புவோம். எழுதியதை யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. வாசித்தால் மட்டும் இவர்களுக்கு என்ன புரியும் என்பது வக்கீலின் கேள்வி. நானும் சிரித்திருக்கிறேன். துண்டுச் சீட்டில் பெயர்கூட எழுதமாட்டேன். ‘முதல் ஆள்’, ‘இரண்டாம் ஆள்’, அவ்வளவுதான். வேட்டியும் முண்டாசும் ஒன்றுபோல இருக்கும்போது பெயர் எதற்கு?

அஞ்சலை போனதும் என் நாட்குறிப்பை எடுத்தேன். பதினான்கு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். தேதி, மழை, படித்த புத்தகம், பார்த்த ஆள். மதகு வழக்கில் பெயர் அடிபட்ட இருவர் வாக்குமூலம் கொடுக்க வந்த நாள் செப்டம்பர் 7, செவ்வாய்: ‘லேசான தூறல். முதலில் வந்தவன் இராமலிங்கம், வலது கண்ணில் பூ. அடுத்து கண்ணப்பன், வாய் நிறைய வெற்றிலை.’ துண்டுச் சீட்டையும் தேடி எடுத்தேன். ‘முதல் ஆள்: நான்தான் மதகைத் திறந்தேன், என் பயிர் காய்ந்தது. இரண்டாம் ஆள்: அன்று பூரணாங்குப்பத்தில் இருந்தேன்.’

முதல் ஆள் சொன்னதைக் கண்ணப்பன் தாளிலும், இரண்டாம் ஆள் சொன்னதை இராமலிங்கம் தாளிலும் மாற்றி எழுதியிருந்தேன். ஏரி மதகை முறை தவறித் திறந்து ஒரு பெரிய பண்ணையின் நாற்றங்காலை மூழ்கடித்தவன் இராமலிங்கம். ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்துக்குப் போயிருந்ததோ கண்ணப்பனின் பெயர். அக்டோபர் 1 விசாரணை. நடவு நேரத்தில் அவன் சிறைக்குப் போனால் அந்த வருஷம் அவன் நிலம் தரிசுதான்.

வக்கீலிடம் சொன்னேன். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினார்.

“திருத்தினா, வெத்துத்தாள்ல ரேகை வாங்கறோம்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆகும்டா சூசை. ஒண்ணு பண்றேன். ஜட்ஜு துரைகிட்ட கருணை காட்டச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசறேன். ஒரு மாசம் உள்ள இருப்பான். அங்க சோறு போடறாங்கப்பா.”

“அவன் செய்யல ஐயா.”

“உனக்குச் சான்று வேணுமா, வேணாமா?”

வேண்டும் என்று தலையாட்டினேன். இதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

அன்று மாலையே எங்கள் ஊர் மாதா கோயிலில் ஒன்பது நாள் ஜெபம் தொடங்கினேன். ஜெபம் என்று சொல்லவே கூசுகிறது. நீதிமன்ற மனு போல வரிசை எண் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஒன்று, அந்தக் காகிதம் தொலைந்துபோகட்டும். இரண்டு, அஞ்சலை இனி அலுவலகத்துக்கு வராதிருக்கட்டும். மூன்று, விசாரணை அன்று மொழிபெயர்ப்பாளர் வராமல் வழக்கு தள்ளிப்போகட்டும். கண்ணப்பன் சிறைக்குப் போகாதிருக்கட்டும் என்று ஒரு வரி இல்லை. தேவதாயைக் குற்றத்துக்குத் துணை போகச் சொல்லி, அவள் காலடியில் முழங்கால் போட்டு, கண்ணீரும் விட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பக்தியுள்ள பிள்ளை என்று மெச்சினார்கள். அந்தத் தாள் இன்னும் என் ஜெபப்புத்தகத்தில் இருக்கிறது. என்னைப் பற்றி நல்லெண்ணம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்.

அஞ்சலை நான்கு முறை வந்தாள். வாசல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே வந்தால் நிமிர்ந்து பார்ப்பாள்.

செப்டம்பர் 30, வியாழன், ஒன்பதாம் நாள். கோயிலுக்குப் போன பிறகுதான் ஜெபப்புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தது. கையில் மனு இல்லை. மனப்பாடமாக இருந்த மூன்று கோரிக்கையும் வாயில் வரவில்லை. வெறுங்கையைக் கூப்பினேன். பிறகு, “அம்மா, என்கிட்ட ஒண்ணும் இல்ல. உன் இஷ்டம்” என்றேன். அந்த ஒன்பது நாளில் நான் செய்த ஜெபம் அந்த ஒரு வரிதான்.

அக்டோபர் 1, மாதத்தின் முதல் வெள்ளியான தலைவெள்ளி. ஜெபமாலை மாதத்தின் முதல் நாள். புதுச்சேரி நீதிமன்றத்தில் வக்கீலின் பின்னால் அவர் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாட்குறிப்பு சட்டைப்பையில் இருந்தது. எதற்காக எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது.

கண்ணப்பனைக் கூப்பிட்டார்கள். அப்போது எழுத்தர் எழுந்து, மொழிபெயர்ப்பாளருக்குக் கடும் காய்ச்சல், அவர் வரவில்லை என்றார்.

என் மூன்றாம் கோரிக்கை. எனக்கு மூச்சு வந்தது. அவ்வளவு கேவலமான நிம்மதியை வாழ்க்கையில் நான் அனுபவித்ததில்லை.

ஆனால் நீதிபதி வழக்கைத் தள்ளிவைக்கவில்லை. பிரெஞ்சும் தமிழும் அறிந்தவர் வேறு யாரும் உண்டா என்று கேட்டார். என் வக்கீல் துள்ளி எழுந்தார். தன்னிடம் பழகும் மாணவன் எவ்வளவு அழகாகப் பிரெஞ்சு பேசுகிறான் என்று துரை கேட்கட்டும் என்ற ஆசை. அந்தக் கணத்தில் வழக்கு என்ன என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

“போடா, போ” என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்.

வலது கையை உயர்த்தி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்தேன். எழுத்தர் ஒரு தாளைக் கொடுத்தார். என் கையெழுத்து. அதைத் தமிழில் கண்ணப்பனுக்கு வாசித்தேன். தன் ரேகைக்கு மேலே இருப்பதை ஒருவர் வாசிக்க அவன் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான்.

“இது யாரு சொன்னது?” என்றான். கோபம்கூட இல்லை, திகைப்புதான். “நான் பூரணாங்குப்பத்துல இருந்தேன்னு சொன்னேன். இந்தத் தம்பி வெறுங்காயிதத்துல ரேகைய வாங்கிக்கினு, போ போன்னு தொரத்துச்சி. அப்பால அதுவா இன்னாத்தையோ எய்திக்கிச்சி.”

நீதிபதி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். ‘இந்தத் தம்பி’ என்பதை ‘ஒரு குமாஸ்தா’ என்று மாற்றினால் போதும், நான் தப்பித்துக்கொள்வேன். வக்கீலும் கண்ணால் அதையே கெஞ்சினார். வழக்கு இன்னதென்று அவருக்கு அப்போது நினைவு வந்திருந்தது.

என் வாய் திறந்தது. அதைத் திறந்தது நான் அல்ல என்பதற்கு இன்றும் சத்தியம் செய்வேன். கண்ணப்பன் சொன்னதை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். ‘இந்தத் தம்பி’ என்ற இடத்தில் ‘நான்’ என்றேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “இப்போது பேசுவது யார்? அவனா, நீயா?”

“இரண்டு பேரும், ஐயா.”

நாட்குறிப்பைக் கொடுத்தேன். இராமலிங்கத்தை அழைத்துவரச் செய்தார்கள். அவன் அன்றைக்குச் சொன்னதையே மறுபடியும் சொன்னான். அவன் ஒருபோதும் மறுத்ததில்லை. தன் பெயரில் என்ன எழுதியிருந்தது என்பது அவனுக்குத் தெரியாது, கேட்டவர்களும் இல்லை. பயிர் காய்ந்ததைக் கருதி நீதிபதி அவனை எச்சரித்து அனுப்பினார். ஆக, இவ்வளவு பெரிய வழக்கும் ஒரு மனிதனிடம் இரண்டாம் முறை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்யத்தான் அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் நேரமில்லை.

கண்ணப்பன் அன்றே ஊர் திரும்பினான். அஞ்சலை என்னிடம் நன்றி சொல்லவில்லை. “மை தொட்டா, படிச்சுக் காட்டிட்டுத் தொடு தம்பி” என்றாள். அது போதும்.

வக்கீல் வெளியில் வந்து என்னைத் திட்டிய வார்த்தைகள் நாட்குறிப்பில் இருக்கின்றன. கோயில் சாட்சியில் அவற்றைச் சொல்ல முடியாது. சான்று கிடைக்கவில்லை. நான் வக்கீலும் ஆகவில்லை. இன்றைக்கு ஒன்பது வருஷமாக வில்லியனூரில் மனு எழுதுகிறேன். எழுதி, உரக்க வாசித்து, மறுபடியும் ஒரு முறை வாசித்து, பிறகுதான் மைப்பெட்டியைத் திறக்கிறேன். கண்ணப்பனும் வருவான். நான் வாசித்து முடிக்கும் வரை பெருவிரலை உள்ளங்கைக்குள் மூடி வைத்திருப்பான். அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

நீங்களும் அப்படியே இருங்கள். எந்த வக்கீலாக இருந்தாலும், எந்தத் துரையாக இருந்தாலும், வாசித்துக் காட்டாத தாளில் விரல் வைக்காதீர்கள். என் தாளானாலும் சரி.

மாதாவிடம் மட்டும் வேறு விதமாகப் போங்கள். வரிசை எண் போட்ட மனுவோடு போய் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துப் பார்த்தவன். வெற்றுத்தாளை நீட்டி, அடியில் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என் தாளில் நான் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டாததை அவள் எழுதினாள். அதற்காக ஒவ்வொரு தலைவெள்ளியும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.