முதல் மூட்டை

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் அந்தச் செயலியை எழுதினேன். தமிழ் வழியாகச் சீனச் சொற்களும் எண்களும் கற்றுத்தருகிற செயலி. சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம் கேட்டிருந்தது. சின்ன ஊர் வியாபாரிகள் இப்போது இயந்திரங்களையும் உதிரிப் பாகங்களையும் நேரே சீனாவிலிருந்தே வரவழைக்கிறார்கள். வீடியோவில் அந்தப் பக்கத்து ஆளோடு பேசத் தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் மாதிரிக்கு ஒரே ஒரு பாடம், ஒன்று முதல் பத்து வரை. வியாபாரிகள் ஒரு வாரம் பயன்படுத்திப் பாடத்தை முடித்தால் முழு வேலையும் எனக்கு. இல்லையென்றால் வெளியூர்க்காரர் யாரோ ஆங்கிலத்தில் செய்து வைத்திருந்த செயலியைத் தமிழ் எழுத்து போட்டு எடுத்துக்கொள்வார்கள். வேலை கிடைத்தால் நான் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால், விட்டுவிட்டு வந்த சென்னை அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பத்து வரைக்கும் எண்ணிச் சொல்ல ஒரு வாரமா?" என்றாள்.

அருப்புக்கோட்டையில் பெரியப்பா தானிய மண்டி வைத்திருக்கிறார். கம்பு, மல்லி, வத்தல் எல்லாம் வரும். அவருடைய பருப்பு ஆலைக்குச் சீனாவிலிருந்து ஒரு இயந்திரம் வந்திருந்தது. கருத்த பருப்பைத் தனியே ஊதித் தள்ளும். அது மக்கர் செய்யும்போதெல்லாம் பெரியப்பா வீடியோவில் ஒரு சீனரிடம் கையைக் காலை ஆட்டிப் பேசுவார். அவரிடமும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடமும் செயலியைக் கொடுத்தேன்.

பாடம் எளிது. திரையில் ஒரு லாரி நிற்கும். அதிலிருந்து மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். முதல் மூட்டை இறங்கியதும் சீனக்குரல் 'யீ' என்னும். கேட்டவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த மூட்டை. மண்டிக்காரர்களுக்குப் பழகிய காட்சியாக இருக்கட்டும் என்று அந்தப் படத்தை நானே பார்த்துப் பார்த்து வரைந்தேன். எங்கள் ஊர்ப் பேச்சும் அதற்குப் புரிய வேண்டுமென்று 'ஒண்ணு', 'ரெண்டு', 'ஏளு' எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் என் கணினியில் பார்த்தால் மண்டித் தெருவில் ஒருவர்கூட முதல் கேள்வியைத் தாண்டவில்லை. திரும்பத் திரும்ப முயன்று வெளியேறியிருந்தார்கள். வேறு ஊர்களில் இருக்கும் என் தோழிகளுக்கும் கொடுத்திருந்தேன்; அவர்கள் எல்லாரும் முடித்திருந்தார்கள். மண்டியில் மட்டும் என்ன கேடு?

எனக்கு எதையும் பட்டியலாகப் போட்டால்தான் மூளை ஓடும். போட்டேன். மண்டி இரைச்சல். பழைய கைபேசி. காலை வணக்கப் படங்களால் நிரம்பி வழியும் சேமிப்பிடம். வெற்றிலை போட்ட வாய். வாயருகே வைக்காமல் காதருகே வைத்துக்கொண்டு பேசுவது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். இரைச்சலை வடிகட்டினேன். செயலியின் எடையைக் குறைத்தேன். அப்பாவின் வாயில் வெற்றிலையைத் திணித்து எண்ணச் சொன்னேன். செயலிக்கு நன்றாகவே புரிந்தது. பேசுகிறவர் குரலைச் சேமிக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே அங்கே என்னதான் பேசினார்கள் என்று கேட்கவும் வழியில்லை.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, முத மூட்டைக்கு என்ன சொல்றீங்க?"

"எண்ணுறேன் தாயி."

"சரியா சொல்றீங்களா?"

"இத்தன வருசமா மூட்டை எண்ணுறேன், எனக்கா தெரியாது? ஒன் போனுக்குத்தான் எண்ணத் தெரியல."

வாரம் முடியப் போகிற நேரத்தில், இனி மாற்றுவதற்கு எதுவும் இல்லை என்றான பிறகு, டவுன் பஸ் பிடித்து மண்டிக்குப் போனேன். சிறுவயதில் அங்கே போனால் கல்லாப்பெட்டியோடு சரி. மூட்டை இறங்கும் பக்கம் பெண்பிள்ளைகளை விடமாட்டார்கள். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். வியாபாரம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

பெரியப்பா கைபேசியை எடுத்தார். லாரி வந்தது. மூட்டை இறங்கியது. 'யீ' என்றது.

"லாபம்," என்றார் பெரியப்பா.

திரை சிவந்து 'மீண்டும் முயலுங்கள்' என்றது.

"லாபம்," என்றார் இன்னும் சத்தமாக. என்னைப் பார்த்து, "பாத்தியா? இதுக்குக் காது கேக்கல," என்றார்.

"பெரியப்பா, ஒண்ணுன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். மூட்டைல்ல எறங்குது? மொத மூட்டைய எவன் ஒண்ணும்பான்?"

பக்கத்தில் உரச்சாக்குக் கடை வைத்திருக்கும் பாய், வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், சிரித்தார். "அண்ணாச்சி, ஒத்த வார்த்த. ஒண்ணுன்னு சொன்னா ஒங்க மண்டியவா எழுதிக் குடுக்கப் போறீக?"

"அம்புட்டு லேசுன்னா நீங்க சொல்லுங்க பாய், பாப்போம்."

பாய் கைபேசியை வாங்கினார். மூட்டை இறங்கியது. வாயைத் திறந்தவர் ஒரு கணம் தயங்கினார். "லாபம்," என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். "வேற படம் வைம்மா."

அவ்வளவுதான். இரைச்சலும் இல்லை, வெற்றிலையும் இல்லை. வியாபாரம் லாபத்தில் தொடங்கட்டும் என்று லாரியிலிருந்து இறங்கும் முதல் மூட்டைக்கு 'லாபம்', அடுத்ததற்குத்தான் 'ரெண்டு'. அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் எண்ணுகிறது. வெறும் எண்ணாக இருந்திருந்தால் எல்லாரும் 'ஒண்ணு' என்றே சொல்லியிருப்பார்கள். மூட்டையைக் காட்டியது நான்.

வீட்டுக்கு வந்ததும் 'லாபம்' என்றாலும் சரி என்று ஒரு வரி சேர்த்தேன். அனுப்பினால், நிறுவனத்தின் மேடம் போனில் வந்தார்.

"யீ என்றால் ஒன்று. லாபத்துக்குச் சீனத்தில் வேறு சொல் இருக்கிறது. தப்பாகச் சொல்லித்தர முடியாது."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. படத்தைத்தான் மாற்ற வேண்டும். யாரும் விற்காத, வாங்காத ஏதாவது வேண்டும். ஆடு என்று நினைத்தேன். நரிக்குடிப் பக்கம் ஆடு வாங்க ஆள் காத்திருக்கிறது. சரி, சீமைக்கருவேலம் என்றால், திருச்சுழிப் பக்கம் அது கரியாகி மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது. முட்டை, செங்கல், பனங்கிழங்கு, எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. இந்தக் காய்ந்த பூமியில் விலைக்குப் போகாத ஒன்றைத் தேடி மதியம் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மின்கம்பியில் வந்து உட்காரும் காக்கையை வரைந்தேன்.

பெரியப்பா காக்கையைப் பார்த்ததும், "ஒண்ணு," என்றார், மறுபேச்சில்லாமல். தெருவே பாடத்தை முடித்தது. சிலர் திரும்பத் திரும்ப முடித்தார்கள்.

ஆனால் வாரம் கடந்துவிட்டிருந்தது. கூடுதலாகச் சில நாட்கள் கேட்டு எழுதினேன். என் உழைப்பைப் பாராட்டி, ஆங்கிலச் செயலியையே எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. அதில் எண்களுக்கு என்ன படம் என்று போய்ப் பார்த்தேன். பனிமனிதன். அதை யாரும் விற்பதில்லை. எங்கள் ஆட்கள் ஒழுங்காக 'ஒண்ணு' என்று சொல்லிவிடுவார்கள்.   அன்று இரவு அம்மா என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தாள்.

சென்னைக்குக் கிளம்பும் அன்று சொல்லிக்கொள்ள மண்டிக்குப் போனேன். மல்லி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா வாசலில் நின்று எண்ணினார்.

"லாபம். அர். ஸான். ஸ்ஸு. வூ."

நான்கைச் சொல்லும்போது குரலை ஏற்றினார். சீனத்தில் அதை இறக்கிச் சொல்ல வேண்டும். பாடத்தில் அதற்கென்றே அம்புக்குறி போட்டிருந்தேன். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பத்து வரை போய், "பதினொண்ணு," என்று தமிழுக்கு இறங்கினார்.

"ஏன் நிறுத்திட்டீக அண்ணாச்சி?" என்றார் பாய்.

"அதுக்கு மேல இவ சொல்லித் தரலையே." என் பக்கம் திரும்பினார். "நூறு மூட்டை எறக்குறவனுக்குப் பத்து எந்த மூலைக்குத் தாயி? மிச்சத்த எப்பப் போடுவ?"

"அந்த வேலை என் கைய விட்டுப் போயிருச்சு பெரியப்பா. சொன்னேன்ல."

"அது அவுகளுக்கு. நான் எனக்குக் கேக்குறேன்."

கோபப்படத்தான் நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பாக்குறேன்," என்றேன். பஸ் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்குள் பதினொன்று முதல் நூறு வரை பட்டியல் போட்டுவிட்டேன். அதற்கு எத்தனை காக்கை வரைய வேண்டும் என்பதைத்தான் நினைக்கவே முடியவில்லை.