அம்மாவின் முட்டிக்குக் கட்டிய தப்பை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் அச்சில் வரும்படி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்படியாகத்தான் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மூங்கில் தப்பையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். முக்கால் முழ நீளம், இரண்டு விரல் அகலம். போன வாரம் மருமகள் அதைக் குப்பையென்று நினைத்து எறியப் போனாள். பிடுங்கி வைத்துக்கொண்டேனே தவிர, ஏன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நடந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆற்றோரமாக எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு தை மாதக் காலையில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த இலைகளைச் சிந்தினாள். குனிந்து பொறுக்கப் போய் அப்படியே சாய்ந்தாள். வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாசிக்குள் பேச்சு திரும்பியது, கையும் ஓரளவு வந்தது. கால்தான் வரவில்லை. எழுந்து நின்றால் முட்டி தொய்ந்துவிடும். விழாமலிருக்கக் காலை விறைத்து ஊன்றினால் முட்டி பின்பக்கமாக வில் போல வளையும். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அப்பா அதிகம் பேசாதவர். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை, துவண்ட கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கோரையால் கட்டுவது. நிற்க மாட்டாத எதற்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மூங்கிலைப் பிளந்து நான்கு தப்பை சீவி, அம்மாவின் முட்டியைச் சுற்றி வைத்து, நனைத்த கோரையால் கட்டினார். கொடிக்குப் போடுகிற அதே முடிச்சு. கோரை காயக் காய இறுகும். காலையில் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவது என் வேலை. இறுகக் கட்டினால் சீக்கிரம் நடப்பாள் என்று நம்பி நான் இன்னும் இறுக்கினேன். அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். இரண்டு மாதத்தில் முட்டி வீங்கி, மடக்கவே முடியாமல் போயிற்று.

சித்திரையில் அப்பாவின் அக்கா வந்தாள். அம்மா அவளை நங்கை என்று கூப்பிடுவாள்; எங்கள் பக்கத்தில் நாத்தனாரை அப்படித்தான் அழைப்போம். அத்தை கெட்டவள் இல்லை. வந்த அன்றே அடுப்படியைக் கழுவி, எனக்குப் பேன் பார்த்து, மூன்று நாள் சோறாக்கிப் போட்டாள். நான்காம் நாள், அம்மாவின் காதில் விழுகிற மாதிரியே அப்பாவிடம் பேசினாள்.

“ஏந் தம்பி, ஊட்டுக்கு ஒரு பொம்பள வேண்டாமா? மோகனூர்ல ஒரு புள்ள இருக்குது. ஆவணியில முடிச்சுப்போடலாம். இவளையும் அவ பாத்துக்குவா.”

அப்பா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. குழறல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

“நங்கைங்க, ஆடிப் பதினெட்டுக்கு நான் ஆத்துக்கு நடந்து போறனுங்க. போவலீன்னா நானே மோகனூருக்கு வெத்தலபாக்கு குடுத்து உடறனுங்க. அது வரைக்கும் பொண்ணுப் பேச்சு வேண்டாமுங்க.”

“நீ நடந்து போறதுக்குள்ள காவேரியே வத்திப்போயிரும்.”

“வத்துனா சௌரியந்தானுங்க. அப்படியே அக்கரைக்கும் போயிருவேன்.”

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆவணி என்றால் ஆவணிதான் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

மறு வாரம் அம்மா வண்டி கட்டச் சொல்லி நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனாள். “யார் கட்டினது இது?” என்று டாக்டர் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். “முட்டி ஒண்ணும் வெத்தலைக் கொடி இல்லீங்க, கட்டி நிறுத்தறதுக்கு. கட்டி வச்சா இறுகிப்போகும். அது மடங்கணும். ஏம்மா, பின்னால தள்ளி விறைச்சுக்கிட்டு நிக்காதே. துளி மடக்கி நில்லு. உக்காந்து உக்காந்து எழுந்திரு.” அவ்வளவுதான் சொன்னார். வீடு வந்ததும் மூன்று தப்பைகள் அடுப்புக்குப் போயின. நான்காவதை அம்மா வைத்துக்கொண்டாள்.

கொடிக்காலில் உயர்ந்த பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வாய்க்கால் ஓடும். கரை நெடுக அகத்தி மரங்கள், எட்டிப் பிடிக்கிற இடைவெளியில் நிற்கும். வேர் அடிபடும் என்று அதற்குள் யாரும் தடி ஊன்ற மாட்டோம். அம்மாவும் ஊன்றவில்லை. தண்ணீர் கட்டாத வேளையில் பாத்தி விளிம்பில் உட்கார்ந்து, கால்களை வாய்க்காலுக்குள் விட்டு, இரண்டு கையாலும் அகத்தியைப் பிடித்து எழுந்து நிற்பாள். முட்டி பின்னால் ஓடும். “ஓடாதடி” என்று அதைத் திட்டிவிட்டு மறுபடி உட்காருவாள். வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று. பிறகு தாண்டப் பழகினாள். தப்பையைக் குறுக்கே வைத்து வாய்க்காலை அளப்பாள்: முதலில் ஒரு தப்பை நீளம், ஆனி முடிவில் ஒன்றரை. நல்ல காலை எடுத்து வைக்கிற அந்த ஒரு கணம் உடம்பின் பாரம் முழுவதும் கெட்ட முட்டியின் மேல் நிற்கும். அங்கேதான் விழுவாள். நான் அழுதுகொண்டே தூக்கினால், “உடு கண்ணு, சேறு மெத்துன்னுதான் இருக்குது” என்பாள். அப்பா தூரத்தில் கொடி கட்டுகிற பாவனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கொடியைக்கூட அவர் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆடிப் பதினெட்டுக்கு அத்தை வந்தாள். அப்பா வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தியிருந்தார். “தேங்காய் பழத்த வண்டில வெய்யுங்க. நான் நடந்து வாரனுங்க” என்று அம்மா கொடிக்கால் வழியாக இறங்கிவிட்டாள். நாங்கள் மூவரும் வண்டியை மறந்து அவள் பின்னால் போனோம். கொடிக்கால் முடிந்து ஆற்றுக்கு முன்னால் கடைசியாக ஒரு வாய்க்கால். இரண்டு தப்பைக்குக் கொஞ்சம் குறையும். அங்கே பிடித்துக்கொள்ள அகத்தி கிடையாது. அத்தை முதலில் தாண்டி, திரும்பி நின்று கை நீட்டினாள்.

“கைய எடுங்க நங்கை. நாளைக்கு நாந்தான் புடிச்சுக் கூட்டியாந்தன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க.”

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். அம்மா கெட்ட காலை விளிம்பில் ஊன்றி நல்ல காலைத் தூக்கினாள். சேலைக்குக் கீழே அந்த முட்டி ஒருமுறை நடுங்கியது. பின்னால் போகப் பார்த்தது. போகவில்லை. துளி மடங்கி, அப்படியே நின்றது. மறு நொடி அவள் அக்கரையில் இருந்தாள், கெட்ட கால் மட்டும் சேற்றை வழித்துக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில் புது மஞ்சள் கயிற்றை அம்மாவின் கழுத்தில் அத்தைதான் கட்டினாள். “இறுக்கிக் கட்டாதீங்க நங்கை. கட்டுனது போதும்” என்றாள் அம்மா. அப்பா ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இப்போது எனக்கும் முட்டி வலிக்கிறது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கிறேன். ஜன்னலில் இருக்கும் தப்பையைப் பார்த்தால், காலை விறைத்து நிற்பதை விட்டுத் துளி மடக்கிக்கொள்கிறேன். அதன் விளிம்பில் கோரை அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது. அது என் கை இறுக்கியது.

அந்த ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அம்மாவின் முட்டி வீங்கியிருந்தது. அவள் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா மோகனூருக்கு ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனார்.