மாமா காய்ச்சிய டீசல்

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டில் டீசல் காய்ச்சினார்கள். பள்ளியில் சொன்னால் யாரும் நம்பவில்லை. நம்பிய ஒருத்தியும், "அப்ப உங்கூட்டுக் கெணத்துல பெட்ரோல் வருமா?" என்று கேட்டதால் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

காய்ச்சியவர் என் தாய்மாமா. சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாததால் அக்கா வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை எல்லாம். ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் பழைய சமையல் எண்ணெயை டீசலாக்கிக் காரில் ஊற்றிப் போகும் வீடியோவைப் போனில் பார்த்தார். அன்றிலிருந்து மாமாவின் பேச்சே மாறிவிட்டது. எங்கே பஜ்ஜி பொரிவதைப் பார்த்தாலும் சட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார், பஜ்ஜியைப் பார்க்க மாட்டார்.

தெருமுனை பேக்கரியில் கறுத்துப்போன எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் மாமாவுக்கு என்று எடுத்துவைத்தார்கள். ஆகாததைக் கேட்டு வாங்கிப் போகும் ஆளைப் பார்த்துக் கடைக்காரருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கூடவே போண்டாவும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். மாமாவின் ஆராய்ச்சியால் முதலில் பலனடைந்தது நான்தான்.

வேலை நடந்தது வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் துலக்கும் பொடக்காலியில். எண்ணெயைப் பழைய வேட்டியில் வடிகட்டி, அண்டாவில் ஈரம் போகக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைப்பார். அதை மறுபடி லேசாகச் சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை ஊற்றிக் கிளறுவார். சரியாக வந்தால் அடியில் கறுப்பாகக் கசடு இறங்கி, மேலே தேன் நிறத்தில் டீசல் தெளியும். முதலில் ஜூஸ் பாட்டில் அளவுக்குச் செய்து, பட்டறையில் கிடந்த பழைய எஞ்சினில் ஊற்றி ஓட்டினார். எஞ்சின் ஓடியது. புகையில் போண்டா வாசம் வந்ததாகப் பட்டறையே சிரித்ததாம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஊட்டைக் கொளுத்திப்போடாதீங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

இந்த வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். எண்ணெயில் தண்ணீர் சேரக் கூடாது. சேர்ந்தால் டீசலுக்குப் பதில் சோப்பாகிவிடும். மாமா இதை வீட்டில் எல்லோரிடமும் பலமுறை சொல்லியிருந்தார்.

"ஊறுகா மாதிரின்னு சொல்லு" என்றாள் அம்மா.

"அதேதானுங்க்கா."

அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஊறுகாய் விஷயத்தில் அவள் அப்படி. ஜாடியைக் கழுவி, துடைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் எலுமிச்சை உள்ளே போகும். ஈரக் கரண்டியோடு ஜாடிப் பக்கம் போனதற்காக நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

ஜூஸ் பாட்டிலோடு நின்றிருந்தால் இது வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆனால் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் மாமாவின் பேச்சைக் கேட்டு ஆசைப்பட்டுவிட்டார். அவரிடம் தீவனம் ஏற்றும் வண்டிகள் நிறைய இருந்தன. ஒரு டிரம் அளவுக்குத் தன் கண் முன்னால் செய்து காட்டினால் பாதி முதல் போடுகிறேன், பிளான்ட் ஆரம்பித்துவிடலாம் என்றார். மீதிப் பாதிக்கு மாமாவிடம் இருந்தது தாராபுரம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றுதான். அதை விற்பதென்று முடிவு செய்துவிட்டார்.

தோப்பு அம்மா பேரிலும் மாமா பேரிலும் சேர்ந்து இருந்தது. விற்க அம்மா கையெழுத்துப் போட வேண்டும். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டதும் அம்மா, "அதுக்கென்ன கண்ணு, எப்ப வரோணும்னு சொல்லு, வாரேன்" என்றாள். எங்கள் பக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண் தம்பியிடம் நிலத்தைப் பற்றி மறுத்துப் பேசிவிட முடியாது. பங்குக்கு அடிபோடுகிறாள் என்று ஊர் சொல்லும். பிறந்த வீட்டு வாசல் அதோடு மூடிக்கொள்ளும். அதேபோலப் பெண் கேட்டுப் போனால் மாப்பிள்ளை என்ன வேலை என்பதற்கு முன்னால் "தோட்டங்காடு இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்கள். தோப்பும் போய், பிளான்ட்டும் கைகொடுக்காவிட்டால் தம்பி கடைசிவரை தன் வீட்டிலேயே தட்டைக் கழுவிக்கொண்டிருப்பான் என்று அம்மா பயந்தாள். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது நான் கல்லூரி முடித்த பிறகு. மாமா கேட்ட அன்று அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

பல்லடத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் மாமா அண்டா அண்டாவாக எண்ணெயைக் காய்ச்சி இறக்கிவிட்டு, "ஆறுனதும் கேன்ல ஊத்தி வெச்சுருங்கக்கா" என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினார்.

அம்மா கேன்களை எடுத்துப் போய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். எதற்குக் கழுவுகிறாய் என்று கேட்டேன். "வெளியாளு வர்றப்ப பிசுபிசுன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். நன்றாக அலசினாள். கவிழ்த்து வைக்கவில்லை, வெயிலில் காட்டவும் இல்லை. எண்ணெயை அப்படியே ஊற்றி மூடினாள். சுத்தக்காரி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பல்லடத்துக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார். "ஏனுங்கம்மணி, சௌக்கியமுங்களா? உங்க தம்பி பெரிய ஆளாகப் போறாருங்க" என்றார். அம்மா மோர் கொடுத்தாள். மாமா கேன்களை டிரம்மில் கவிழ்த்து, சூடாக்கி, மருந்தை ஊற்றிக் கிளற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் துடுப்பு கனத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோதுமை அல்வா கிண்டுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் தள்ளினார். கடைசியில் துடுப்பு டிரம்மின் நடுவில் தானாகவே நின்றது. டிரம் முழுக்க வெளுத்த பழுப்பில் சோப்பு.

மாமா காலிக் கேன் ஒன்றைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எண்ணெய் விழுந்தால் அப்படித் தெறிக்காது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு,

"எண்ணெயை நாஞ் சரியாக் காய்ச்சாம உட்டுப்போட்டனுங்க. என்ற தப்புதானுங்க" என்றார்.

"பரவாயில்லீங்க, பாக்கலாமுங்க" என்று சொல்லிப் போன பல்லடத்துக்காரர் பிறகு வரவில்லை. எங்கள் பக்கத்தில் முடியாது என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அம்மா அந்தச் சோப்பை வெட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். வெகுநாள் கால்மிதி, கரித்துணி எல்லாம் அதில்தான் துவைத்தோம், நன்றாகவே அழுக்குப் போனது. மாமா பட்டறையிலேயே இருந்து ஃபோர்மேன் ஆனார். பெண் கொடுத்தவர்கள் முதலில் தோப்பைத்தான் வந்து பார்த்தார்கள். அத்தை நல்லவள். தேங்காய் இப்போதும் வருகிறது. அதே பேக்கரிக்கு இப்போது ஒரு வண்டி வந்து பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறது, டீசல் செய்யத்தானாம். வண்டி நிற்கும்போது அம்மா அந்தப் பக்கம் கடைக்குப் போவதில்லை. அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மாமா ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மாமாவுக்குத்தான் முதலில் சோறு போட்டாள். தயிர் ஊற்றி, புது ஜாடியைத் திறந்து எலுமிச்சை ஊறுகாயைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மாமா ஊறுகாய் இல்லாமல் தயிர்சோறு தொட மாட்டார். அன்று மட்டும் வெறும் தயிர்சோற்றையே கடைசிவரை சாப்பிட்டுவிட்டு, "போதுங்க்கா" என்று எழுந்து போனார். ஊறுகாய் வைத்த இடத்திலேயே இருந்தது. காரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து, அம்மா பார்க்கப் பார்க்க அதை எடுத்து நான் சாப்பிட்டேன். அப்படியொன்றும் காரமாக இல்லை.