மிதிபட வந்தவர்

தாய்லாந்து மசாஜுக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். எண்ணெய் கிடையாது, கட்டில் கிடையாது. தொளதொளவென்று ஒரு பைஜாமா தருவோம், போட்டுக்கொண்டு தரையில் மெத்தையில் படுக்க வேண்டும். கை, முழங்கை, முழங்கால் எல்லாம் வைத்து அழுத்துவேன், இழுப்பேன், கடைசியில் முதுகில் ஏறி மிதிப்பேன். பாங்காக் ஓட்டலில் துணி துவைக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்ட தொழில் இது. திரும்பி வந்ததும் ராமேஸ்வரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் வேலை கிடைத்தது.

ஒரு நாள் நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு ஒருவர் உள்ளே வந்தார். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊரின் பெரிய பண்ணைக்காரர். அவர் வயலில் கூலி வேலை பார்த்த என் அப்பா, காலில் புண் என்று ஒருமுறை அவர் தெருவில் செருப்போடு நடந்துவிட்டார். ஊரைக் கூட்டி, அப்பாவை இவர் காலில் விழ வைத்தார்கள். சாகும்வரை அப்பா செருப்பே போடவில்லை.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இடுப்புப் பிடிப்பு தம்பி. எண்ணெயத் தேய்ச்சு நீவி விட்டாப் போதும்" என்றார்.

வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன், மிதிப்பதைத் தவிர. முறைப்படி முதலில் அவர் காலைக் கழுவ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். கடைசியில் குப்புறப் படுக்கவைத்து, மேலே கட்டியிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறினேன். அலறுவார் என்று பார்த்தால், "அப்படித்தான் தம்பி, சொகமா இருக்கு. இன்னும் நல்லா மிதிங்க" என்கிறார்! எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவர் சுகப்படவா நான் இத்தனை காலம் காத்திருந்தேன்?

"சார், உங்க தெருவுல செருப்போட நடந்தாருன்னு எங்கய்யாவ ஊரு முன்னால உங்க கால்ல விழ வச்சீகளே, ஞாபகம் இருக்கா?"

அவர் முதுகு கட்டையாக விறைத்தது.

"ஏலே, கீழ எறங்குலே!"

"பாதியில எந்திரிச்சா இடுப்பு ஒரேயடியாப் புடிச்சுக்கிரும் சார். பேசாமப் படுங்க."

பச்சைப் பொய். நம்பிவிட்டார். மிச்ச நேரமும் நிதானமாக மிதித்தேன், அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை.

வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஊர்ல மட்டும் சொல்லிராதப்பா. மானம் போயிரும்."

"சரிங்க சார்" என்றேன்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை. பஸ்ஸிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.